வாப்பா நெய்த றிபன்

உலகப் படத்தில் ஸ்லோவேனியாவைத் தொட்டுக் காட்டத் தெரிந்தவள் எங்கள் பாடசாலையில் நான் ஒருத்திதான் என்று பதினெட்டு வயதில் எனக்குச் சரியான மண்டைக்கனம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். நீள றிபனைச் சுழற்றிக்கொண்டு ஆடும் அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒருத்தியின் காணொளிகளை வாப்பாவின் போனில் பார்த்துப் பார்த்து, அவளுடைய வாழ்க்கையையே மனப்பாடம் செய்திருந்தேன். சின்ன வயதில் தொடங்கியவள். பெரிய பதக்கம் ஒன்றும் எடுக்கவில்லை. முடிவுப் பட்டியலில் அவள் பேரைக் காணக் கீழே கீழே இறங்க வேண்டும். முழங்கால் நோவோடு ஆடிவிட்டு இருபத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றாள். (எங்கள் ஊரில் அந்த வயதில்தான் முதல் வேலைக்கே விண்ணப்பம் போடுவார்கள்.)

நான் அதிகம் பார்த்த காணொளியில், ஆட்டத்தின் நடுவில் அவளுடைய றிபனில் முடிச்சு விழுந்துவிடும். அதைப் போட்டுவிட்டு, ஓரத்தில் வைத்திருந்த வேறொரு றிபனை எடுத்துக் கடைசிவரை ஆடி முடிப்பாள். நான் அதில் அவள் மணிக்கட்டைச் சுழற்றும் விதத்தை மட்டும் படித்துக்கொண்டேன்.

பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஆறு பேர் றிபன் ஆட்டம் ஆடலாமா என்று அதிபர் மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருதரம் செஞ்சு காட்டுங்க புள்ள. ஒழுங்கா முடிஞ்சா வாற வருஷம் இதையும் விளையாட்டில சேர்ப்பம். ஜிம்னாஸ்டிக் மெத்தை கேட்டு மேலிடத்துக்குக் கடிதமும் எழுதுறன். பிழைச்சா மறுகா என்னட்ட வரப்படாது."

எனக்கு அது கடைசி வருடம். மற்ற ஐந்து பேரும் பத்தாம் தரத்துப் பிள்ளைகள். மெத்தை வந்தால் அது அவர்களுக்குத்தான்.

ஆறு மீற்றர் சாட்டின் றிபன் கல்முனைக் கடைகளில் இருந்தது. வாப்பா விடவில்லை. மருதமுனையில் தறி வைத்திருக்கும் மனிசனுக்கு, மகள் கடைத்துணியைப் பிடித்து ஆடுவது மானப் பிரச்சினை.

"சாட்டின் ஒரு துணியா? நகம் பட்டா இழை போகும். நான் தறியில நெஞ்சு தாறன்."

"பாரமில்லாம இரிக்கணும் வாப்பா."

"ஓம் ஓம். பாரமில்லாமத்தான்."

பாரமில்லாமல் என்றால் வாப்பாவின் கணக்கில் இரட்டை இழை, கரையில் சரிகை, அதற்கு மேல் கஞ்சி. ஆறு றிபனும் வந்து சேர்ந்தன. ஒன்றைக் கட்டித் தோணி இழுக்கலாம். கதவைச் சாத்திய வகுப்பறைக்குள் பழகியபோது எப்படியோ சுழன்றன.

போட்டி நாள் பின்னேரம் கடல் காற்று எழும்பியிருந்தது. மைதானத்தில் நான் முன்னால். பின்னால் ஐவரும் கையைத் தூக்கியபடி. முதல் சுற்றை நான் தனியாக ஆடித் தலையசைத்ததும் அவர்கள் தொடங்க வேண்டும். வாத்தியக் குழு தொடங்கியது. நான் ஸ்லோவேனிய மணிக்கட்டோடு றிபனை வீசினேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்ப் பிரதம அதிதி இருந்த பந்தலின் முன்கம்பில் மூன்று தரம் சுற்றியது. இழுத்தேன். சாட்டின் என்றால் அந்த இடத்தில் கிழிந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். இது வாப்பா நெய்தது. கம்புதான் வந்தது.

கம்போடு பந்தல் துணியும் ஆற அமர இறங்கி, பிரதம அதிதி, அதிபர், வெற்றிக் கிண்ணங்கள், பற்றீஸ் பலகாரத் தட்டு எல்லாவற்றையும் மூடியது. அறிவிப்புச் செய்த ஆசிரியர், "இது எமது மாணவிகளின் புதிய முயற்சி" என்று ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டே இருந்தார். கூட்டத்துக்குள்ளிருந்து வாப்பாவின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா, இழை போகல்ல."

நான் றிபன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, வீட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்த்தான் நின்றேன்.

யாருக்கும் காயமில்லை, அதிதியின் மடியில் தேத்தண்ணி கொட்டியதுதான். ஆனால் அடுத்த வருடம் றிபன் ஆட்டமும் இல்லை, மெத்தையும் இல்லை. வாப்பாவின் இழையும் கடல் காற்றும்தான் காரணம் என்று பத்து வருடம் சொல்லித் திரிந்தேன். நான் கதைக்குக் கை கால் வைத்ததில் பிரதம அதிதி இரண்டு தரம் மயங்கியும் விழுந்திருக்கிறார். (அவர் மன்னிப்பாராக.)

போன மாதம் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டில் அதிபர் மேடத்துக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட நேர்ந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

"மேடம், அண்டைக்குப் பந்தல விழுத்தினத்துக்கு மன்னிச்சிருங்க" என்றேன், அவர் சிரிப்பார் என்று நினைத்து.

"பந்தல் விழுந்தா நிமித்தலாம் புள்ள" என்றார். "நான் துணிக்குள்ளால தலைய நீட்டிப் பாத்தன். அந்த அஞ்சு புள்ளைகளும் தூக்கின கை தூக்கினபடி நிக்கிறாங்க. வாத்தியமும் போகுது. நீங்க தலையாட்டுவீங்க எண்டு பாத்துக்கு இரிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார்.

"மெத்தைக்குக் கடிதம் எழுதி மேசையில வெச்சிருந்தன். ஆர நம்பி அனுப்புற எண்டு கிழிச்சிட்டன்."

வெட்கமாக இருந்தது. பத்து வருடம் நான் ஆட்களைச் சிரிக்க வைத்த கதையில் அந்த ஐந்து பேரும் ஒரு தரம்கூட வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து இதை உம்மாவிடம் சொன்னது என் அடுத்த மடத்தனம். இப்போது கறிச்சட்டியை அரைவாசி தேய்த்து வைத்துவிட்டு நான் போனைத் தூக்கினால் போதும், குசினிக்குள்ளிருந்து உம்மா கேட்பார்:

"மகள், அஞ்சு பேரும் இன்னும் கையத் தூக்கிட்டா நிக்கிறாங்க?"

வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு எழும்பிப் போய் மிச்சத்தைத் தேய்த்து முடிப்பேன்.