டைம்கீப்பரை லீவில் அனுப்பிய மாத்திரை

கண்டி பஸ் நிலையத்தில் பஸ்களைவிட அதிகம் ஓடியவர் 'அவசரம்' அண்ணன்தான். திகன, தெல்தெனிய ஊர்களுக்குப் போகும் பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம்கீப்பர். அதே குட்டி அறையில் நான் கிளார்க். அந்த மனிதர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் தலை வெடிக்கிறது என்றார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பிரஷரைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பதட்டம் வந்தா உடம்பில ஒரு சுரப்பு போய் இதயத்தை 'ஓடு, ஓடு' எண்டு விரட்டும். இந்தக் குளிசை அந்த விரட்டலை இதயத்துக்குக் கேக்க விடாது. அது ஆறுதலா அடிக்கும், பிரஷர் இறங்கும். ஆனா நீங்களா நிப்பாட்டக் கூடாது, விளங்கிச்சோ?"

"டைம்கீப்பர லீவுல அனுப்புற மாத்திரைன்னு சொல்லுங்க!" என்றார் அண்ணன். டாக்டரே சிரித்துவிட்டார்.

பிரஷர் இறங்கியது. வேறு வினை வந்தது. திகன பஸ் ஓட்டும் முஸ்லிம் டிரைவர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், இரண்டு நிமிடம் பிந்தி வர, அண்ணன் பாய்ந்துபோய்க் கத்தினார். பாதியில் நிறுத்தி நெஞ்சில் கை வைத்தார்.

"கோபம் வந்திருச்சு. நெஞ்சு இன்னும் வரலியே!"

மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். படி ஏறி இறங்கி மறுபடி எண்ணினார். திருப்தி இல்லை.

"தம்பி, இது என் நெஞ்சே இல்லடா. எவனோ பென்ஷன்காரனோட நெஞ்சு!"

எனக்குத் தெரியாமல் குளிசையை நிறுத்திவிட்டார், பாவி மனிதர். நாலாம் நாள் காலை, நானாவோடு சண்டை களைகட்டிய நேரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நானாதான் அவரைத் தூக்கித் தன் பஸ்ஸில் கிடத்தி, என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினார்.

படுத்தபடியே அண்ணன் முனகினார். "யோவ் நானா, இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. யாரக் கேட்டு பஸ்ஸ எடுத்த?"

"பேசாம இரிங்க அண்ணே!" நானா அழுதுகொண்டே ஓட்டினார்.

"திடீரெண்டு நிப்பாட்டினா, அடங்கிக் கிடந்த விரட்டல் முழுக்க ஒரேயடியாப் பாயும். தப்பினது பெரிய காரியம்" என்று டாக்டர் எங்கள் மூவரையும் சேர்த்தே ஏசினார்.

அண்ணன் பிழைத்து வேலைக்கு வந்தார். அவர் குளிசை விழுங்குவதைக் கண்ணால் காணாமல் நானா பஸ்ஸை எடுக்க மாட்டார்.

"லேட்டாகுது, எடுய்யா வண்டிய!"

"வாயத் தொறந்து காட்டுங்க, எடுக்கிறேன்."

அவருடைய கத்தல் கேட்காத காலைகளில் நானாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அன்று எங்கள் இருவருக்கும்தான் நெஞ்சு படபடவென்று அடிக்கும்.