அறுபத்தொன்றாம் இறுதிப் பதிப்பு

எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்தித் தரும் அலுவலகம் தன்னைப் பற்றித் தானே ஒரு வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டியதன் அவசியத்தை நாகரிக உலகம் இன்று நன்கு உணர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஓர் அலுவலகம் வேலை செய்தால் போதும் என்றிருந்தது. பிறகு, வேலை செய்ததாக எழுதினால் போதும் என்றானது. இப்போது வேலை செய்வதுபோல் பின்னணி இசையோடு பதினான்கு நிமிடம் நடந்து காட்ட வேண்டும்.

எங்கள் படத்தின் தலைப்பு 'விரைவே எங்கள் மூச்சு'. தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மச்சான் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு சேர்த்தது நான்தான் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது பெருமையடித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம்.

ஆனால் எனக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என் மனைவிக்கு வேலை எட்டு மணி நேரப் பயண தூரத்தில். ஆறு வயது மகளும் அவளோடுதான். இரண்டு வருடமாக அந்தக் குழந்தைக்கு நான் கைப்பேசிக்குள் குடியிருக்கும் அப்பா. என் மாறுதல் விண்ணப்பமோ கண்காணிப்பாளரின் மேசையில் குடியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை நம்ம துறை இயக்குநர் வர்றாரு. படம் அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, கையோட உங்க மாறுதல்ல கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்றார் கண்காணிப்பாளர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் வாசல்லேர்ந்து வர்றது மட்டும் ஸ்லோமோஷன்ல இருக்கட்டும். இப்பல்லாம் அதுதானே" என்றார்.

அவர் இயல்பாக நடந்தாலே அது ஸ்லோமோஷன்தான். அதை இன்னும் மெதுவாக்கியபோது எடிட்டிங் மென்பொருளுக்கு என்ன தோன்றியதோ, அவருடைய வலது கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. மவுஸை ஆட்டினேன். திட்டினேன். திரையை லேசாகத் தட்டியும் பார்த்தேன். கால் இறங்கவில்லை.

கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஏழு தடவை."

"பதிவேட்டுல எழுதினீங்களா?"

"இல்லையே."

"எழுதலைன்னா பண்ணலைன்னுதான் அர்த்தம். முதல்லேர்ந்து பண்ணுங்க."

மறுபடி ஏழு தடவை, ஒவ்வொன்றுக்கும் நேரமும் கையெழுத்தும் இட்டு, அணைத்துப் போட்டேன். பதிவேடு பார்க்க அழகாக இருந்தது. கால் அதே உயரத்தில் இருந்தது. பிறகு அவர் எதையோ திறந்து பார்த்துச் சிரித்தார்.

"சார், டிஸ்க்குல எள் விழ இடமில்ல. மென்பொருளுக்கு மூச்சு விடவாவது கொஞ்சம் இடம் வேணாமா? இதென்ன, 'இறுதி', 'இறுதி ரெண்டு', 'உண்மையான இறுதி'ன்னு... அறுபத்தொண்ணு இருக்கே?"

கண்காணிப்பாளர் ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தம் சொல்வார். தொப்பை தெரிகிறது, தூக்கு. இசை சோகமாக இருக்கிறது, மாற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முழுப் பதிப்பு.

"பழசை எல்லாம் அழிச்சிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"அழிக்க முடியாதுங்க. சுற்றறிக்கை இருக்கு."

எடுத்துக் காட்டினேன். 'இவ்வலுவலகத்தில் உருவாக்கப்படும் எந்தவொரு ஆவணத்தின் எந்தவொரு பதிப்பும், மூவர் குழு அதனை முழுமையாகப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தாலன்றி, எக்காரணம் கொண்டும் அழிக்கப்படலாகாது.'

"சரி, வேற டிஸ்க்குக்கு மாத்துங்க."

"பத்தி நாலு. அலுவலகப் பதிப்பு எதையும் இன்னொரு பெட்டிக்கு மாத்தக் கூடாது."

"எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?"

கீழே பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு, 'வரைவு தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

விதிப்படி மூவர் குழு அமைந்தது. அறுபது பழைய பதிப்புகளையும் குழு முழுமையாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதென்றால் அந்த மென்பொருளில்தான் திறக்க வேண்டும். திறந்தால் அது உறைந்துவிடும். உறைந்ததைக் குழு முழுமையாகப் பார்த்தது. 'பார்வையிடல் நிறைவடையவில்லை' என்று தீர்மானம் போட்டது. வெளிப்படைத்தன்மைக்காகக் கூட்டத்தை வீடியோ எடுத்து அதே கணினியில் சேமிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனது.

திங்கட்கிழமை மாலை அறையில் நான் மட்டும் இருந்தேன். முதல் பதிப்பைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கணினி கேட்டது. ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள்தான் இருந்தன. 'மேலிடத்துக்கு அனுப்புக' என்று மூன்றாவதாக ஒன்று இருந்திருந்தால் தயங்காமல் அழுத்தியிருப்பேன். மகள் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே சட்டம் போட்ட சான்றிதழும் வந்தது. 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். என்னைப் போன்ற கோழையைச் செருப்பால் அடித்தாலும் தகும். ஆனால் அதற்கும் முறையான உத்தரவு கேட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை கூடம் நிறைந்திருந்தது. முத்திரைக்காகக் காத்திருந்தவர்களையும் கூட்டம் சேர்க்க உள்ளே உட்கார வைத்திருந்தோம். அதே கணினியிலிருந்து படம் தொடங்கியது. இசை எழுந்தது. வாசல் தெரிந்தது. கண்காணிப்பாளர் வந்தார். காலைத் தூக்கினார்.

அவ்வளவுதான்.

கூடவே இசையும் நின்றுவிட்டது. ஏதோ மரியாதை செலுத்தும் நேரம் போலிருக்கிறது என்று முன்வரிசை எழுத்தர் எழுந்து நின்றார். எல்லோரும் நின்றார்கள். இயக்குநரும் நின்றார். பதினான்கு நிமிடம் நின்றோம். பின்வரிசையில் காய்கறிக்கார அக்கா தராசை இடுப்பில் வைத்தபடி என்னிடம் கேட்டார்.

"தம்பி, காலைத் தூக்கிட்டாரே, எப்ப கீழ வைப்பாரு?"

"தெரியலக்கா."

"என் தராசும் மூணு வாரமா அப்படித்தான் நிக்குது. உள்ளத உள்ளபடியே எடுத்திருக்கீங்க."

இயக்குநர் கைதட்டினார். கூடம் அதிரும்படி எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"எத்தனையோ ஆபீஸ் படம் பாத்துட்டேன். எல்லாம் தடதடன்னு ஓடுது. என்ன ஒரு நிதானம் இதுல! இன்னும் அடுத்த அடி எடுத்து வைக்கத் தயாரா இருக்கோம்னு ஒரே காட்சியில சொல்லிட்டாரு. யாருங்க எடுத்தது?"

கண்காணிப்பாளர் என்னை முன்னால் தள்ளினார். சொன்ன சொல் தவறாதவர், என் விண்ணப்பத்தையும் நீட்டினார். இயக்குநர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். 'இன்னாரது திறன் இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாததெனக் கருதப்படுவதால் மாறுதல் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அனைத்துக் கிளைகளுக்கும் இவரே இத்தகைய படம் தயாரிக்கப் பயிற்சியளிப்பார்.' விண்ணப்பம் கைக்கு வந்து ஆணை வெளியாக நாற்பது விநாடி. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. படத்தின் தலைப்பு பொய் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சாயங்காலம் கைப்பேசியில் மனைவி வந்தாள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாரு" என்றேன். அசையாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அப்பா நின்னுட்டாரு. நெட் போச்சு போல."

"ஏங்க, கேக்குதா? அங்க நெட் இல்லையா?"

நெட் நன்றாகத்தான் இருந்தது.

"இரும்மா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், அப்பா சரியாயிடுவாரு" என்றாள் மகள். அணைத்தாள்.

வழக்கம் தவறாமல் நான் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.