மாற்றிக்கொள்ளக்கூடிய வரவேற்பு

யாராவது, "இதை உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்" என்று எதையாவது நீட்டினால் நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் அந்த வசனத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பெங்களூர் பொம்மனஹள்ளியில், டைல்ஸ் கடைக்கு மேல் இருந்த சின்னக் கம்பெனியில் வெப்சைட் செய்யும் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. வாணியம்பாடியிலிருந்து அப்பா ஒவ்வொரு ஞாயிறும் போனில், "வேல பர்மனென்ட் ஆவலன்னா மூட்டையக் கட்டிக்கினு வந்துடு, மாப்பிள்ள பாத்துடலாம்" என்பார். (மிரட்டல் இல்லை, அக்கறை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.)

அப்போது ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். வெப்சைட்டின் முகப்பில் விருந்தாளியைப் பெயர் சொல்லி வரவேற்கும் பட்டை ஒன்று வேண்டும், தமிழிலும் கன்னடத்திலும். "இது நல்லா வந்தா உனக்கு கன்ஃபர்மேஷன்" என்றார் மேலாளர் பிரபாகர்.

இரண்டு வரியில் முடிகிற வேலை. நான் விடுவேனா? பட்டையின் நிறம் மாறும், அளவு மாறும், எழுத்து மினுங்கும், ஓடும். வரவேற்கும் சொல் எந்த மொழி என்பதற்கு ஒரு பட்டன். அதை எந்த எழுத்தில் காட்டுவது என்பதற்குத் தனியாக இன்னொரு பட்டன்.

"சொல்லு கன்னடம், எழுத்து தமிழா? யாரு கேப்பாங்க இதெல்லாம்? சும்மனே ரெண்டு பட்டை வெச்சுடு" என்றான் கூட வேலை செய்த லோகேஷ்.

"யாராவது கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. லோகேஷுக்குத் தமிழ் அப்படியே. அவரவர் மொழியில் தவறு கண்ணில் படாது என்பது என் கொள்கை. ஆகவே (அறிவாளிகள் அல்லவா) கன்னட எழுத்தை நான் சரிபார்த்தேன், தமிழ் எழுத்தை அவன் சரிபார்த்தான். "எல்லாம் நேரா நிக்குது" என்று இருவரும் ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொண்டோம்.

காட்டும் நாள் வந்தது. மண்டபக்காரர், சேலத்திலிருந்து வந்திருந்த புது சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெருமையடித்துக்கொள்ளத்தான்.

"சம்பந்தி பேரைப் போடும்மா. வேதாசலம்."

போட்டேன். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் கன்னட எழுத்தில் அழகாக வந்தது.

"அவருக்குக் கன்னடம் வராது. தமிழ்ல காட்டு."

எழுத்துப் பட்டனை அமுக்கினேன். சொல்லுக்கான பட்டனை மறந்துவிட்டேன். 'வாருங்கள்' என்பதற்கான கன்னடச் சொல், அப்படியே தமிழ் எழுத்துக்கு மாறிச் சுவர் முழுக்க நின்றது:

"பன்னி, வேதாசலம் அவர்களே!"

சேலத்துக்காரர் வாய்விட்டுப் படித்தார். மண்டபக்காரரின் முகம் வெளுத்துப்போனது. அவர் மகள் வாழப்போவது சேலத்துக்காரர் வீட்டில். எனக்கு வாணியம்பாடி பஸ் கண்ணில் தெரிந்தது.

பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அமுக்கினேன். பன்னி பெரிதானது. சிவப்பானது. மினுங்கியது. பிறகு ஓடத் தொடங்கியது. அத்தனை வசதி வைத்தவள், மறைப்பதற்கு ஒன்று வைக்கவில்லை. பிரபாகர் புரொஜெக்டருக்குக் குறுக்கே பாய்ந்தார். பன்னி அவருடைய வெள்ளைச் சட்டை மேல் ஓடியது.

"சார், சார்! பன்னின்னா மரியாதை சார்!" என்று லோகேஷ் கத்தினான். "சின்னவங்களுக்கு 'பா'ன்னுதான் சொல்வோம். உங்கள மாதிரி பெரியவங்களுக்குத்தான் பன்னி!"

வேதாசலம் ஓடும் பன்னியை இன்னொரு முறை படித்தார். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பி, "அப்ப நீங்க சேலத்துக்கு வந்தா, நானும் இதே மரியாதையோட கூப்புடறேன்" என்றார். மண்டபக்காரர்தான் முதலில் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தக் கல்யாணம் நடந்தது. பட்டை இருந்த இடத்தில் 'நல்வரவு' என்று ஒரு படத்தை ஒட்டினோம். அதை யாராலும் எதுவும் மாற்ற முடியாது. என் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதற்குள், மாப்பிள்ளை பார்க்கும் வேலையை லோகேஷ் அப்பாவுக்கு மிச்சப்படுத்திவிட்டான்.

பேச்சு முடிக்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு முதன்முறையாக அவர்கள் வீட்டுக்குப் போனார். லோகேஷின் அம்மா வாசலில் கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "பன்னி, பன்னி" என்றார். நடந்த கதை அப்பாவுக்கு முன்பே தெரியும். ஆனாலும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா காலிங்பெல் அடிப்பதில்லை. அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும்படி கதவைத் தட்டி, "மாப்ள! பன்னி வந்துகீது, கதவத் தொறங்க" என்பார்.