பச்சை டீ-ஷர்ட் மாப்பிள்ளை

"தம்பி, ரெண்டு ஐஸ் வாட்டர்!"

வேல்குமார் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

எதிரே ஒரு சர்வர் போனான். அடர் பச்சை டீ-ஷர்ட், ஆரஞ்சு காலர். வேல்குமார் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். அதே பச்சை, அதே காலர்.

அடக் கடவுளே! ஷேடு சரியில்லை என்று, வாங்க வேண்டிய வெளிநாட்டு பையர் ரிஜெக்ட் பண்ணிய சரக்கு. இவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தைத்ததுதான். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை, கழித்த துணியை மலிவாக விற்கும் காதர்பேட்டைக் கடைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த ரெஸ்டாரன்ட்காரர் அங்கே வாங்கி யூனிஃபார்ம் ஆக்கிவிட்டார் போல.

வந்ததோ பெண் பார்க்க. பதினோரு ஜாதகம் தட்டிப்போய், பன்னிரண்டாவதாகப் பொருந்தியது யாழினியுடையது. இதுவும் போனால் இனி வரன் தேட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். புரோக்கர் காட்டிய போட்டோவில் இருந்தது பாதி பெண், பாதி பியூட்டீஷியன். இவன் கொடுத்ததோ தலையில் முடி இருந்த காலத்துப் படம். அதனால்தான் அடையாளத்துக்கு இந்த டீ-ஷர்ட்டைப் படமெடுத்து அனுப்பினான். "சூப்பருங்க! நானும் ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்" என்று பதில் வந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்ததில் சார்ஜ் தீர்ந்து, போன் இப்போது பில் கவுன்ட்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கிறது.

"நான் சர்வர் இல்லீங்க" என்றான் பெரியவரிடம்.

"அப்ப சூப்பர்வைசருங்களா? நல்லதாப் போச்சு. நாலு மணிக்கு ஹேப்பி அவர், ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு போர்டு வச்சா மட்டும் போதுங்களா? ஆர்டர் எடுக்க ஆள் வேண்டாமுங்களா?"

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர்க்காரன். ஒரு வாட்டி தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கொடுத்தான். கெட்டது குடி! அதைப் பார்த்த பக்கத்து மேசை நாலு புதினா சோடா கேட்டது.

பாத்ரூமுக்கு ஓடி டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"சட்டை ஒழுங்காப் போடத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வச்சிருக்காங்க பாருங்க" என்றார் ஒரு அம்மா. "சரி, ரெண்டு கோபி மஞ்சூரியன் சொல்லு கண்ணு."

மறுபடி திருப்பிப் போட்டான். கஸ்டமர் மாதிரி இருக்கலாம் என்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இப்படி உட்கார்ந்துட்டா எப்படிங்க?" என்று நாலு மேசையும் சேர்ந்து கேட்டது. எழுந்துவிட்டான்.

புதினா சோடா ட்ரே கையில் சாய்ந்தபோது ஒரு கை வந்து தாங்கியது. அதே பச்சை டீ-ஷர்ட் போட்ட பெண். நெற்றியெல்லாம் வியர்வை.

"அடியில புடிங்க. புதுசுங்களா?"

"இன்னைக்குத்தானுங்க. நீங்க?"

"நானும் இன்னைக்குத்தானுங்க. வந்ததுல இருந்து உட்காரவே விடமாட்டேங்கறாங்க."

அதற்கப்புறம் அவள் ஆர்டர் கேட்டாள், இவன் தூக்கினான். நடுநடுவே வாசலைப் பார்த்துக்கொண்டான். அவளும் பார்த்தாள். இவன் பெரியவர் மடியில் ஒரு கிளாஸைக் கவிழ்த்தபோது, "என் கை பட்டிருச்சுங்க சாமி, மன்னிச்சுக்கங்க" என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டு துடைத்தும் விட்டாள். வேல்குமாருக்கு மனசு என்னவோ பண்ணியது. சே, இன்னொருத்தியைப் பார்க்க வந்த இடத்தில் என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கூட்டம் வடிந்தது. நிஜ சர்வர் முனீஸ், கோவில்பட்டிப் பக்கத்து ஆள், போனைக் கொண்டுவந்து கொடுத்தான். யாழினியிடமிருந்து ஏழு மிஸ்டு கால்.

"வந்து பார்த்துட்டுப் போயிட்டாப்ல இருக்குங்க" என்றான் வேல்குமார். "சர்வர் வேலை பார்க்கிற மாப்பிள்ளைன்னு நினைச்சிருப்பாங்க. நம்ம ராசி அப்படி. போகட்டும். உங்ககூட வேலை செய்யுதே, அந்தப் பொண்ணு மட்டும் இல்லீன்னா இன்னைக்கு நான் செத்தேனுங்க. ரொம்ப நன்றின்னு சொல்லிடுங்க."

வாசலருகே அந்தப் பெண் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். இவன் கையிலிருந்த போன் அடித்தது.

முனீஸ் தலையைச் சொறிந்தான்.

"எந்தப் பொண்ணுண்ணே? எங்க கடையில பொம்பளப்பிள்ளைக யாரும் வேலைக்குக் கிடையாதே!"