குழிக்குள் இறங்கிய நானூத்தம்பது

ஆரணியில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப் போகிறவர்களிலும் நானூத்தம்பதைப் போல ஓர் அவசரக்காரர் கிடையாது. கோயிலுக்குப் போனால் கற்பூரம் அணைவதற்குள் வெளியே வந்து செருப்பை மாட்டியிருப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது விசாரித்தால் தெருவே உதட்டைப் பிதுக்கும். "நானூத்தம்பது வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சென்டர் என்றால் அவர் வீட்டு முன்னறை. ஊழியர் என்றால் நான். பார்டரையும் முந்தானையையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டை தறிக்கு மேலே ஏறினால் மயிலும் மாங்காயும் புடவையில் இறங்கும்.

அவர் வாங்கிய கம்ப்யூட்டரின் பிராசஸர் முந்நூறு மெகாஹெர்ட்ஸ். ஊரில் எல்லோரும் முந்நூறை முந்நூறாகவே ஓட்டினார்கள். இவர் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, போர்டில் வேகத்தை மாற்றும் குட்டி ஜம்பர் ஒன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். திரையில் நானூற்றைம்பது என்று வந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்து வந்து காட்டினார். அந்த எண் கம்ப்யூட்டர் தொடங்கும்போது மட்டும்தான் தெரியும் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒருமுறை அணைத்துப் போடுவார். நான் பாதி மயில் வரைந்திருப்பேன்.

"அண்ணா, சேவ் பண்ணலைண்ணா!"

"மயிலு எங்க போவப்போவுது? திரும்ப வரைஞ்சுக்கோ. சார் போளூர்லேர்ந்து வந்துகிறாரு, பாத்துட்டுப் போவட்டும்."

போளூர்க்காரர் கொசுவலை விற்க வந்தவர்.

வேகம் ஏறினால் சூடும் ஏறும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிந்தார். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, என்னை அட்டையால் விசிறிக்கொள்ளச் சொன்னார். வெயில் காலத்தில் பட்டு இழை அறாமல் இருக்க நெசவாளர்கள் ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டுவார்கள். அதையும் பெட்டிக்குப் பின்னால் கட்டினார். ஒருநாள் சாக்கை நனைத்த கையோடு பெட்டியைத் தொட்டுவிட்டு, கூரையைப் பார்த்து ஓர் அலறல். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னா கேடு உங்களுக்கு? அது எரிஞ்சாலும் எரியட்டும், நீங்க எரியாதீங்க!"

அப்புறம்தான் தறிக்குழி நினைவுக்கு வந்தது. முன்னறையில் இருந்த தறியை அவர் தம்பி வேறு வீட்டுக்கு மாற்றிக்கொண்டதால், காலைத் தொங்கப்போட்டு நெய்யும் குழி மட்டும் சில்லென்று காலியாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் பெட்டி அதில் இறங்கியது. நான் விளிம்பில் உட்கார்ந்து, பெட்டியில் இடிக்காமல் காலை மடக்கிக்கொண்டு மாங்காய் வரைந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவைக்கு நானே டிசைன் போட்டேன். பார்டர் நெடுக ஜரிகையில் அணில்கள்.

"கல்யாணப் பொடவைல போயி அணிலா?" என்றார் அண்ணி.

"ஓடற ஜீவன். நல்லாத்தான் கீது," என்றார் நானூத்தம்பது.

வரைந்த படத்தை முழுப் புடவைக்கான கட்டங்களாகக் கம்ப்யூட்டர் மாற்ற வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நடுவில் உறைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் தறிக்காரரோ கறாராகச் சொல்லிவிட்டார்.

"அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் டிசைன் என் கைக்கு வரணும்மா. வரலைன்னா தறில முதலாளியோட வேற பொடவைக்குப் பாவு ஏறிடும். அப்புறம் உன் பொடவை வளைகாப்புக்குத்தான்."

நான் நானூத்தம்பதிடம் ஓடினேன். "அண்ணா, இந்த ஒரு வாட்டி முந்நூறுலயே ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"ஏரோப்ளேனை ரோட்ல ஓட்டச் சொல்றியா?" என்றார்.

அமாவாசையன்று நெசவுக்கு லீவு. புதுப்புடவை வேலையை அன்று தொடக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டதால், பழைய மயில் ஒன்றையே காலையிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதித்தார். ஒருமுறைகூட உறையவில்லை. "கெட்டியாயிடுச்சு! இனிமே அசையாது!" என்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

மறுநாள் காலை என் அணில்களை ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. மறுபடியும் தொடங்கினோம், மறுபடியும் உறைந்தது. பாதி அணில்களுக்கு வால் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் சமர்த்தாக ஓடியது. சாப்பாடு முடிந்து பக்கத்து ஷெட்டில் விசைத்தறிகள் தடதடத்ததும் விளக்கு மங்கியது, ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது, அணில் நின்றது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அமாவாசையன்று ஊரில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. வேகம் ஏற்றிய பெட்டிக்கு வேண்டிய முழுக் கரண்டும் ராஜா மாதிரி வந்திருக்கிறது. ஊரே படுத்துத் தூங்கிய நாளில் தனியாக ஓடி முதல் பரிசு வாங்கியிருக்கிறார். யு.பி.எஸ். இருந்தால் தப்பித்திருக்கலாம். அதன் பேட்டரி எப்போதோ செத்து, அண்ணி அதன்மேல் சாமி படம் வைத்திருந்தார்.

நேராக ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"நைனா, சாயங்காலம் வரைக்கும் தறிய நிறுத்து. என் பிராசஸர் ஓடிகினு கீது."

ஷெட்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன் குழிக்குள்ள கீற டப்பாவுக்கு நான் தறிய நிறுத்தணுமா? பேஜார் பண்ணாம ஜல்தி கெளம்புய்யா!"

திரும்பி வந்து குழி விளிம்பில் உட்கார்ந்தார். நான் அழத் தொடங்கியிருந்தேன். என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"போயி அண்ணிகிட்ட டீ வாங்கினு வா," என்றார்.

டீயோடு வந்தபோது அவர் குழியிலிருந்து ஏறி, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, திரையைத் தன் தோள்துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொசுவலைக்காரருக்கெல்லாம் எண்ணைக் காட்டியவர் என்னிடம் மறைத்தார். துவைத்துத் துவைத்து நைந்த துண்டு. முந்நூறு என்பது நன்றாகவே தெரிந்தது. நான் டீயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து ஷெட் தடதடத்தது. விளக்கு மங்கியது. அணில்கள் நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தன. தறிக்காரர் வாசலில் வந்து செருமியபோது கடைசி அணிலுக்கு வால் முளைத்தது.

கல்யாணத்துக்கு வந்த ஷெட்காரர் என் பார்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு மண்டபமே கேட்கும்படி வம்புக்கு இழுத்தார். "இன்னா நானூத்தம்பது, என் தறியும் நிக்கல, அணிலும் வந்துகீது. எவ்ளோ ஸ்பீடுல ஓட்டின?"

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது.

"நானூத்தம்பதுதான். நான் பாத்தேன்," என்றேன், மாலையும் கழுத்துமாக.

அவர் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆளாகப் பந்திக்கு ஓடினார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அந்தக் குறை அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை.