உப்புக் கையால் வயதாகிப்போன இளம் விண்மீன்

புதிதாகப் பட்டம் வாங்கியவனை ஆறு மாதத்துக்காவது பேசவிடக் கூடாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், என்னைப் பேசவிட்டார்கள்.

பௌதிகவியல் படித்து முடித்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பியிருந்தேன். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்க ஆளில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான அதிபர், "ஒரு பாடம் நடத்திக் காட்டும் தம்பி. சரிவந்தா திங்கட்கிழமையே வேலைக்கு வாரும்" என்றார். வீட்டில் அம்மா கொழுந்தெடுக்கும் சம்பளம் மட்டும்தான். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். ஆடி, வில்லை என்று அடக்கமாக எதையாவது நடத்தியிருக்கலாம். பெரிய துரை மாதிரி நான் தேர்ந்தெடுத்தது பழுப்புக் குறுமீனை. நட்சத்திரமாகப் போதிய எடையில்லாமல் பாதியில் நின்றுபோன பொருள் அது. (அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

பாடம் நடத்திய அன்று காலை மழை. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் போனோம், நானும் அங்கே பத்தாம் வகுப்பில் படித்த தங்கச்சி செல்வியும். அட்டை கடிக்காமலிருக்க இருவரும் காலில் உப்பை அள்ளித் தேய்த்திருந்தோம். பாடசாலைக் குழாயடியில் அவள் கை கழுவினாள்.

"அண்ணே, நீங்களும் கழுவிட்டுப் போங்க."

"எனக்கு நேரமில்ல. நீ போய் உக்காரு."

விஞ்ஞானி அல்லவா, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

செல்வியின் வகுப்பை இருட்டாக்கி இரண்டு ஸ்பிரிட் விளக்குகளை வைத்தேன். சப்பாத்துப் பெட்டிக்குள் பழைய சீடியைப் பொருத்தி, நிறமாலை பார்க்கும் கருவியும் செய்திருந்தேன். "வயதான குறுமீன் இறுகியிருக்கும். அதில் சோடியக் கோடு அழுத்தமாக விழும். இளசு ஊதித் தளர்ந்திருக்கும், கோடு மங்கல். கோட்டைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம்" என்று முழங்கினேன். (வானத்தில் அது கறுப்புக் கோடு, சுடரில் மஞ்சள் கோடு என்பதை அப்படியே விழுங்கிவிட்டேன்.) உப்பில் இருப்பது சோடியம்தானே, அதில் தோய்த்த திரி கிழவன். எல்லோர் முன்னாலும் புதுப் பஞ்சில் நான் திரித்த திரி இளசு.

இளசைக் கொளுத்தினேன். கிழவனைவிட மஞ்சளாக எரிந்தது.

"பஞ்சில் தூசு" என்று சொல்லி வேறொன்றைத் திரித்தேன். இன்னும் மஞ்சள். மூன்றாவதை உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டினேன். கலியாண வீட்டு வெளிச்சம் வந்தது.

அதிபர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப இந்த இளசு கிழவனை விட மூப்பெல்லே?"

"சில இளம் விண்மீன்கள் இப்படியும் நடந்துக்கும் சேர்" என்றேன், கூசாமல்.

பின்வரிசையில் செல்வி எழுந்தாள். "சேர், அண்ணன் அட்டைக்கு உப்பு தேச்ச கையக் கழுவல."

வகுப்பே சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. "கை கழுவச் சொன்னாலும் கேளாதவரிட்ட பிள்ளையளை எப்படி விடுறது?" என்றார். வேலை ஹற்றனிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அம்மா மறுநாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். வெட்கத்தில் நான் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு வேறு பாடசாலையில் ஆசிரியரானேன். அதை வீட்டில் யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை; நினைவிருப்பது அந்தத் திரிகள்தான். உப்புக் கூடினால் குழம்பு கெழவன், குறைந்தால் எளசு. கலியாணமாகி வந்த புதிதில் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியாமல் விழித்த என் மனைவி, இப்போது அவர்களையே மிஞ்சிவிட்டாள். நான் சட்டிப் பக்கம் போனாலே போதும்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. ஒங்க கை பட்டா எளசும் கெழவனாயிரும்."