சாவுப் பீப்பாய்

ட்ரை க்ரீக் பள்ளத்தாக்கு,
ஓடைக்கு மேற்குக் கரை.
நவம்பர் 9, ஞாயிறு. பூசை முடிந்து வந்த கையோடு.

என் சித்தப்பா மகனும், ஓடைக்குக் கிழக்கே பதினெட்டு ஏக்கர் ஜின்ஃபான்டெல் திராட்சைக்குச் சொந்தக்காரனும், பதினொரு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவனுமான தம்பி வலென்டே புருசடோரிக்கு, உன்னைவிடப் பதினேழு நாள் மூத்தவனான எலியோ அண்ணன் எழுதிக்கொள்வது. அந்தப் பதினேழு நாளுக்கான மரியாதையை நீ எழுபத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் தந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்விடம் நான் நலமில்லை. அவ்விடத்து நலத்தைக் கடிதம் போட்டு விசாரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் உன் இருமல் ஓடையைத் தாண்டி வந்து என் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். புதன்கிழமையிலிருந்து அந்தச் சத்தத்தைக் காணோம். குணமாகிவிட்டாய் போலிருக்கிறது. நல்லது, நம் இருவரில் ஒருவனாவது மருந்துக்குக் கட்டுப்படட்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் சாவுப் பீப்பாய் வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி, கோபத்தில் எழுந்து நடந்தால் உனக்கு மூச்சு வாங்கும்.

ஜூன் மாதம் சான்டா ரோசாவில் டாக்டரம்மா என் வயிற்றுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கணையத்தில் இருப்பது இன்னது என்று காட்டினாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். “கிறிஸ்துமஸைப் பாப்பீங்க. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்” என்றாள். நான் விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பரில் அறுவடை, அக்டோபரில் நொதித்து முடியும், நவம்பரில் பீப்பாய்க்குப் போகும், டிசம்பரில் நானும் போகலாம். இடிக்காமல் பொருந்துகிறதே என்று தலையாட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தைரியமான மனிதரைத் தான் பார்த்ததில்லை என்று நர்ஸிடம் சொன்னாள். தைரியமாவது, மண்ணாவது. சாவதைப் பற்றி எனக்கு அப்போது யோசிக்க நேரமில்லை, சாவுக்கு ஊற்றுவதைப் பற்றித்தான் கவலை.

சேதி கேட்டு என் மகன் கெவின் ஃபீனிக்ஸிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தான். அவனை உட்கார வைத்து நம் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். ஒவ்வொருவனும் தன் சாவுக்கென்று ஒரு பீப்பாய் ஒதுக்கி வைக்க வேண்டும். அடக்கம் முடிந்து வந்ததும், போலெண்டா என்ற சோளக்களியில் கரண்டி படும் முன், வந்தவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் குடித்து அந்த ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தைதான் செத்தவனுக்கு. தாத்தா பத்திஸ்தாவின் ஒயினை “முரடு, ஆனா நேர்மை” என்றார்கள், இன்றைக்கும் அவர் பெயர் அதுதான். கைடோ மாமா ஆறு பிள்ளைகளை வளர்த்தார், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார், ஆற்றில் போன இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார். பீப்பாய் புளித்துப்போயிருந்தது. அவ்வளவுதான், அறுபது வருஷமாக அவர் காடி கைடோ. இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகன் சொன்னான்: “அப்பா, கடையில டப்பா ஒயின் கிடைக்குது. அஞ்சு லிட்டர். குழாய் வெச்சே வருது.” என்னைப் புதைத்துவிட்டு வந்து ஊர் ஜனம் “குழாய் நல்லா வேலை செய்யுது” என்று சொல்லப்போகிறது. அதுதான் என் பெயராக நிற்கும்.

என்னிடம் பீப்பாய் இல்லாமல் போனது என் சோம்பேறித்தனத்தால் இல்லை. கேள். முதல் பீப்பாய் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த நல்ல வருஷத்தது, நீயே என் கிடங்குக்கு வந்து மோப்பம் பிடித்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் போனாயே, அது. யாரும் தொடக்கூடாது என்று அதன் மேல் சாக்பீஸால் சிலுவை போட்டு வைத்தேன். என்னிடம் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் மௌரோவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒரு பீப்பாய் எடுத்துக்கொள் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு நான் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டேன். சிலுவை போட்டதைத்தான் முதலாளி நமக்காகக் குறித்து வைத்திருக்கிறார் என்று அவர்கள் அதைத் தூக்கிப் போனார்கள். நானூறு பேர். என் சாவு ஒயினைக் குடித்துவிட்டு விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். மணமக்களும் அடுத்த வருஷமே பிரிந்துவிட்டார்கள். மௌரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது என்ன சொல்வது? பரவாயில்லை, எனக்கு இன்னும் வயசிருக்கிறது என்றேன். அந்தப் பொய்க்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

இரண்டாவது, புகை வருஷத்தது. மலை எரிந்து மூன்று வாரம் சூரியன் ஆரஞ்சுப்பழம் போலத் தொங்கியதே, அந்த வருஷம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். நான் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன், தேன். புகையாவது கிகையாவது என்று அறுத்துவிட்டேன். பழத்தில் தெரியாது அது, ஒயினான பிறகுதான் வெளியே வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்வதை நான் என்றைக்குக் கேட்டேன்? நொதித்து முடிந்ததும் ஒரு வாய் குடித்தேன், சுருட்டுச் சாம்பலை நக்கியது போல இருந்தது. காலம் போனால் சரியாகும் என்று வைத்தேன். வருஷத்துக்கு வருஷம் மோசமானது. போன வாரம் மூடியைத் திறந்தபோது தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று மௌரோ கேட்டான்.

ஆக, மிச்சமிருந்தது இந்த வருஷம் ஒன்றுதான். இந்தத் திராட்சையின் குணம் உனக்கும் தெரியும். ஒரே கொத்தில் ஒரு பழம் பச்சையாக முறைக்கும், பக்கத்துப் பழம் வற்றி உலர்ந்து கிழவன் போலச் சுருங்கிக் கிடக்கும். பச்சை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பழுத்தது வெல்லமாகிவிடும். கடைசி ஒயின் ஆயிற்றே, ஒரு பச்சைக்காய்கூட விழக் கூடாது என்று நான் காத்திருந்தேன். செப்டம்பர் வெயில் ஐந்து நாள் அடித்தது. அறுத்துத் தொட்டியில் போட்ட பிறகு உலர்ந்த பழமெல்லாம் ஊறி உள்ளே வைத்திருந்த சர்க்கரையை அவிழ்த்துவிட்டது. எங்கிருந்தோ மோப்பம் பிடித்து நீ மௌரோவிடம் சொல்லியனுப்பினாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, “முதலாளி, அவரு தண்ணி கலக்கச் சொல்றாரு. இல்லாட்டி பாதியில நின்னுடுமாம்” என்றான். அறுபது அறுவடையில் என் ஒயினில் தண்ணீர் விழுந்ததில்லை, அவன் தோட்டத்தில் போய்க் கலக்கச் சொல் என்று திருப்பி அனுப்பினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் கலந்திருப்பேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பதினோராம் நாள் நொதிப்பு நின்றுவிட்டது. நொதி சர்க்கரையில் பாதியைத் தின்று சாராயம் உண்டாக்கி, அந்தச் சாராயத்திலேயே மூழ்கிச் செத்துப்போயிற்று. நம் குடும்பத்தில் அப்படிப் போன இரண்டு பேரை நீயும் அறிவாய். என் மனைவி நோரினின் மின்சாரப் போர்வையைத் தேடி எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். புது நொதி வாங்கி வந்து வெதுவெதுப்பாக எழுப்பி விட்டேன், ஒரு ராத்திரி குமிழ் விட்டுவிட்டு அதுவும் படுத்துவிட்டது. பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தேன். அவர் ஒரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஐஸ்கிரீமுக்கு நன்றாக இருக்கும் என்றார். ஒரு தொட்டி நிறைய இருமல் மருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வலென்டே. இனி அறுவடையும் இல்லை, அதற்கு நானும் இருக்கமாட்டேன்.

இப்போது நோரின் விஷயம். அதை எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. அவளுக்கும் ஒரு பீப்பாய் வைத்திருந்தேன், புது ஓக் மரத்தில். அவள் அடக்கத்தன்று, என் வீட்டு முற்றத்தில், எண்பது பேர் பார்க்க, நீ கிளாஸை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி, “கட்டை வாசனை தூக்கல்” என்றாய். ஒயினைத்தான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தவளுக்குக் கிடைத்தது அது. நான் உன்னைக் கொன்றிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பேச்சை நிறுத்தினேன். பதினொரு வருஷமாக உன் அடக்கத்தில் என்ன சொல்வது என்று ஏழெட்டு வார்த்தை திரட்டி வைத்திருக்கிறேன், ஒன்றும் காகிதத்தில் எழுதும்படி இல்லை.

அப்படிப்பட்டவன் உன்னிடமே கையேந்தி நிற்கிறேன். உன் கிடங்கின் மேல்மூலையில் பழைய நல்ல வருஷத்துப் பீப்பாய் இருக்கிறது, பிரார்த்தனை போல மாதா மாதம் அது ஆவியாகிக் குறைந்த அளவுக்கு வேறு ஒயின் ஊற்றி நிரப்பி வருகிறாய் என்று ஊருக்கே தெரியும். உனக்கு இன்னும் காலமிருக்கிறது, இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். உன் ஒயினை என் அடக்கத்தில் ஊற்றினால் நீ அதைக் குறை சொல்லமாட்டாய். சாகப்போகும் நேரத்தில் உன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் மகள் கார்லாவுக்கு என் ஆசீர்வாதம். திராட்சைக்காரர்களின் புனித வின்சென்ட் உன் கொடிகளை உறைபனியிலிருந்து காக்கட்டும். என் இரண்டு கோழிகளைத் தின்ற உன் நாய்க்கு மட்டும் ஆசீர்வாதம் கிடையாது. மற்றபடி இந்தக் கரையில் எல்லோரும், அதாவது நானும் மௌரோவும், உன்னை விசாரித்ததாகச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கேட்க வெட்கப்பட்டும் கேட்டுவிட்ட
எலியோ புருசடோரி

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கை நீட்டும்போது பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கார்லா. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் வாசலில் வந்து இறங்கினாள். புதன்கிழமை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். இன்று காலை, நான் பூசையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்த நேரம், நீ போய்விட்டாய். நான் இருமல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு எழுதியது மேலே அப்படியே இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை. நீயே பார்த்துக்கொள்.

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். தீவனக் கடை ரசீதின் பின்புறம், உன் கோணல் எழுத்து. “என் பீப்பாயைத் தொறக்காதீங்க. நிரப்ப எங்கிட்ட அந்தப் புகை வருஷத்துதுதான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி முழுக்கச் சாம்பல் நாத்தம் ஆயிடிச்சு. எலியோகிட்ட கேளுங்க. தரமாட்டான். அப்பவும் கேளுங்க. நோரின் ஒயின்ல கட்டை வாசனை இருந்தது நிஜம். அதை அன்னிக்குச் சொல்லியிருக்கக் கூடாது.”

என்னிடம் இருப்பது பாதியில் நின்றது, இருமல் மருந்து மாதிரி இனிக்கும் என்று கார்லாவிடம் சொன்னேன். “பரவாயில்ல பெரியப்பா. கடைசி ஒரு வருஷம் அப்பா அதைத்தானே குடிச்சிட்டிருந்தாரு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஆகவே மேலே கேட்ட பீப்பாய் வேண்டாம். வியாழக்கிழமை அடக்கம். தொட்டியோடு கொண்டு வருகிறேன், பள்ளத்தாக்கு மொத்தமும் வரும், ஒரு சொட்டு மிஞ்சாது. குடும்பத்தில் மூத்தவன் நான், பதினேழு நாள், அதனால் முதல் கிளாஸ் எனக்கு. எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். திரட்டி வைத்த ஏழெட்டு வார்த்தைகளும் இருக்கின்றன. “கட்டை வாசனை துளியும் இல்லை” என்று சொல்லப்போகிறேன். எஃகுத் தொட்டியில் கிடந்த ஒயினில் கட்டை வாசனை எப்படி இருக்கும் என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். இந்தக் கடிதத்தை உன் கோட்டுப் பையில் வைத்துவிடுகிறேன்.

எனக்குத்தான் இனி ஊற்ற ஒன்றும் இல்லை. அடுத்த அக்டோபர் வரை உயிரோடு இருந்தாக வேண்டும் என்று நாளைக்கு டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லவேண்டும். ஜனவரியில் கொடிகளைக் கவாத்து செய்ய வேண்டும், உன் கரையையும் நானும் மௌரோவும்தான் பார்க்க வேண்டும் என்கிறாள் கார்லா. இந்தத் தடவை தண்ணீர் கலக்கிறேன்.